பாதுகாப்பு அதிகாரியின் பின்பக்க பம்பர்

மனித குலத்தைப் பின்னோக்கிக் கொண்டுசெல்ல எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் முறைப்படி, விதிகளுக்கு உட்பட்டு, பீப் சத்தத்துடன் பின்னோக்கிச் சென்றவர் நமது பாதுகாப்பு அதிகாரி ஒருவர்தான். பின்னால் ஏதாவது இருந்தால் பீப் அடிக்கும் பார்க்கிங் சென்சார் காரில் வந்த நாளிலிருந்து அவர் கழுத்தைத் திருப்பியதே இல்லை. கழுத்து என்பது கருவி வருவதற்கு முன் செய்யப்பட்ட தற்காலிக ஏற்பாடு என்பது அவர் கொள்கை.

அலுவலகத்தில் மாடிப்படிக்கு மேலே "இது படிக்கட்டு" என்று பலகை மாட்டியவரும் அவரே. அதை அண்ணாந்து படித்துக்கொண்டே இறங்கிய இரண்டு பேர் உருண்டார்கள். பலகை இல்லாவிட்டால் எதில் உருண்டோம் என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பதினோரு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் பின்பக்க பம்பரைக் கழற்றினார். நான்கு சென்சார்களையும் பழைய பனியனால் துடைத்தார். ஒவ்வொன்றிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. அதை மேலே பார்க்க வைப்பதா, கீழே பார்க்க வைப்பதா? தீர யோசித்தார். வண்டி ஓடுவது தரையில். ஆகவே ஆபத்து இருப்பதும் தரையில். நான்கையும் கீழே பார்க்க வைத்து பம்பரை மாட்டினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் மனைவிக்கு ஒரு நேர்முகத் தேர்வு. கல்யாணமான பதினான்கு வருடங்களில் இதுதான் முதல் முறை. முன்பெல்லாம் வேலை என்ற பேச்சை எடுத்தால் குழந்தை சின்னது, இடம் தூரம், ரோடு மோசம் என்று "பாதுகாப்புக் காரணங்கள்" குறுக்கே வந்துவிடும். இம்முறை அவள் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

ஒன்பது பத்துக்கு ரிவர்ஸ் கியர் போட்டார். பீப் என்று ஒரே மூச்சாக அலறியது. பிரேக்கை மிதித்தார்.

"பின்னாடி ஏதோ இருக்கு."

மனைவி இறங்கிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க. வெறும் தரைதான்."

"உனக்குத் தெரியல. அதுக்குத் தெரியுது."

வழியனுப்ப வந்த மகள் குனிந்து, காருக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். "அப்பா, ஒரு எறும்புகூட இல்லப்பா."

"எறும்பு போயிருக்கும். சத்தம் இன்னும் போகலையே."

ஸ்தல ஆய்வு முடிந்து, நிபுணர் கருத்துக் கோரப்பட்டது. அதாவது, மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"சார், சென்சார்ல அம்புக்குறி மேல பாத்து இருக்கா?"

"கீழ. யோசிச்சுதான் வெச்சேன்."

"அப்ப அது தரையைப் பாத்துதான் கத்துது சார். கண்ணாடியில பாத்துட்டு வண்டிய எடுங்க."

"ஆக, தரை ஒரு தடைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

மெக்கானிக் போனை வைத்துவிட்டார். நிபுணர்கள் மறுக்காதது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. மணி ஒன்பதரை.

"இடர் நீங்குற வரைக்கும் வண்டி நகராது," என்று அறிவித்தார். "இன்டர்வியூவ இன்னொரு நாள் வெச்சுக்கச் சொல்லு. பாதுகாப்புக் காரணம்னா புரிஞ்சுப்பாங்க."

சொன்னதும் அவருக்கு மனசு லேசாகிவிட்டது. வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லும்படி ஆகவில்லை. கருவியே சொல்லிவிட்டது.

மனைவி கையிலிருந்த சான்றிதழ் ஃபைலை மகளிடம் கொடுத்தாள். "இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்க, சொல்றேன்."

அந்தக் குரலை விதிப் புத்தகம் தடை செய்யாததால் இறங்கினார். அவள் உட்கார்ந்தாள், சீட்டை முன்னால் தள்ளினாள், மகளிடமிருந்து ஃபைலை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், கண்ணாடியைத் திருப்பிவிட்டு ரிவர்ஸ் போட்டாள். சென்சார் ஊரைக் கூட்டியது. கார் அதைச் சட்டை செய்யாமல் நேராக வந்தது. அதிகாரி ஓடிப்போய் காருக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்து. அது சொல்லுதில்ல, பின்னாடி ஏதோ இருக்கு."

கார் நின்றது. அவள் கழுத்தைத் திருப்பி, ஜன்னல் வழியாக அவரை நன்றாகப் பார்த்தாள்.

"ஆமாங்க, அது சரியாத்தான் சொல்லுது. ஒண்ணு நிக்குது. பதினாலு வருஷமா நிக்குது. தள்ளுங்க, பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும்."