முன்பக்கம் வெட்டும்போது, பின்பக்கம் பால் எடுக்கும்போது

அன்று ரப்பர் ஷெட்டில் இருந்தவர்கள்: முதலாளி, நெய்யாற்றின்கரையிலிருந்து காரில் வந்தவர். சபை உபதேசியார், நியாயம் சொல்ல அழைத்தது. வெட்டுக்காரியின் வீட்டுக்காரன், கொத்தன், காய்ந்த சிமென்ட் கையோடு வந்தான். வெட்டுக்காரி. பிறகு நான், தோட்டக் காவல். குற்றம் சொன்னதும் நான்தான்.

பாறசாலை தொடங்கி ஒற்றசேகரமங்கலம் வரைக்கும் பால்வெட்டுகிற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவனை முதலில் குழியில் இறக்கிவிட்டு, அதற்கப்புறம் காய்ச்சலில் படுக்க வைத்தவள் இவள் ஒருத்திதான். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேச்சு குறைவு. சந்தேகம் கூடுதல். சம்பளம் சந்தேகத்துக்குத்தான்.

ரப்பர் வேலை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டை வெட்ட வேண்டும். பால் சிரட்டையில் சொட்டும். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பக்கெட்டில் எடுக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு. மர வரிசையை வரி என்போம். எங்கள் தோட்டத்தில் பதினெட்டு வரி.

முதல் சந்தேகம் லைட்டில் வந்தது. வெட்டுகிறவர்களின் லைட் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இவளுடைய லைட் ஒவ்வொரு வரியின் தலைமரத்திலும் நின்றது. கோயிலில் நிற்பதுபோல நின்றது.

இரண்டாவது, ஊக்கு. கழுத்து மாலையில் கொத்தாகத் தொங்கும். நடந்தால் சத்தம் கேட்கும்.

"எட்டீ, ஒரு பொம்பளைக்கு எதுக்காக்கும் இத்தனை ஊக்கு?"

"மூணு பிள்ளைய வளத்துப் பாருங்க அண்ணே. அப்போ தெரியும்."

நேரான பதில் இல்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது, களவு. பாலை அளந்து பார்த்தேன். பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுபாலை நிறுத்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. எந்த வெட்டுக்காரியிடமும் கொஞ்சமாவது குறையும். இவளிடம் குறையவே இல்லை. அதுதான் பெரிய சந்தேகம்.

ஒரு நாள் சாயங்காலம் வரி வரியாக நடந்தேன். மழைக்காக மரத்தில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக்கில், தலைமரம் ஒவ்வொன்றிலும் ஒரு தாள் ஊக்கில் தொங்கியது. அச்சடித்த தாள். மேலே எண். நூற்று எழுபத்தேழு, நூற்று எழுபத்தொன்பது, நூற்று எண்பத்தொன்று. எல்லாம் ஒற்றைப்படை. மறுநாள் அவள் வெட்டி முடித்து, பால் எடுக்க வருமுன் பார்த்தேன். எல்லாம் இரட்டைப்படை. ஒரே இரவில் எண் மாறிவிட்டது.

கள்ளனுக்குக் கொடுக்கும் அடையாளமோ, செய்வினையோ என்று பயந்தேன். பதினெட்டாவது வரி என் ஷெட்டுக்குப் பக்கம். அந்தத் தாளை ஊக்கோடு கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் வர நாலு நாள் ஆனது.

அப்படித்தான் அந்த விசாரணை.

முதலாளி கேட்டார். "என்தாக்கும் இந்த மரத்தில தூக்கினது?"

"புஸ்தகம், முதலாளி."

"புஸ்தகமா?"

"ஆக்ரிக் கடையில பழைய சாமானோட கிடந்தது. அட்டையும் இல்ல, தையலும் இல்ல. தாள் தாளா இருந்தது. வீட்டுல புஸ்தகத்தக் கையில எடுத்தா மூணு பிள்ளைக்கும் ஒண்ணாப் பசிக்கும். மாமியாருக்கு நெஞ்சு அடைக்கும். இவருக்குச் சட்டையில பட்டன் போவும். இங்க வெட்டும்போ முன்பக்கம் வாசிச்சுட்டுப் புரட்டிக் குத்துவேன். பால் எடுக்க வாறப்போ பின்பக்கம். போவும்போ அடுத்த நாளுக்குள்ள தாளக் குத்திட்டுப் போவேன்."

உபதேசியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு வாசிச்சு முடிச்சுட்டு, பெறகாக்கும் ரெண்டு, நாலு?"

"ஆமா அய்யா."

"கதை எப்படி விளங்கும்?"

"முன்னால ஆளக் குழியில எறக்குவாங்க. பின்னால அவருக்குக் காய்ச்சல் வரும். இடையில என்ன நடந்திருக்கும்னு அடுப்படியில நின்னு யோசிப்பேன். யோசிக்கதுக்கு யாருக்க கிட்டயும் நேரம் கேக்க வேண்டாம்லா."

கொத்தன் பேசினான்.

"நாலு நாளாக் குடும்ப ஜெபத்துல ரோசலின்னு ஒருத்திக்க சொகத்துக்கு வேண்டுனியே. நம்ம சபையில அப்படி ஒருத்தி இல்ல. ஆரு அவ?"

"தாளுல உள்ளவளாக்கும்."

அவன் தளர்ந்துபோய் மூலையில் கிடந்த உர மூட்டைமேல் உட்கார்ந்தான். எனக்கு மட்டும்தான் சந்தேகம் என்று நினைத்திருந்தேன்.

"படகு கவிழ்ந்துட்டு முதலாளி. ரோசலினும் மாமியாரும் தண்ணியில கிடக்கியாவ. கடைசித் தாளக் காணல்ல. ஆரோ எடுத்துட்டுப் போயிட்டாவ." கண் கலங்கிச் சொன்னாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப்பையில் கை விட்டேன்.

தாளைப் பிடுங்கிக்கொண்டாள். வேலை போகுமா இருக்குமா என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை. அது அவளுக்கு நினைவே இல்லை. முன்பக்கம் வாசித்தாள். புரட்டினாள். பின்பக்கம் வாசித்தாள். இந்தத் தோட்டத்தில் அவள் நேராக வாசித்தது அந்த ஒரு தாள்தான்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "என்தாச்சு? சொல்லு."

"பிழைச்சுட்டா முதலாளி."

உபதேசியார், "ஸ்தோத்திரம்" என்றார். அப்புறம் அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"மாமியாரும் பிழைச்சுட்டா" என்றாள், குரலைக் கொஞ்சம் இறக்கி.

முதலாளி சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார். "வேலை இருக்கட்டு. தாள் வேண்டாம். நாலாள் கண்டா கூடோத்திரம், செய்வினைன்னு பறயும்." என் பக்கம் திரும்பினார். "மரத்தில தாள் கண்டா நீ கழற்றணும். கேட்டா?"

கேட்டேன்.

அடுத்த புத்தகம் அவளிடம் தயாராக இருந்தது. அந்தத் தாள் கட்டையும் மாலையில் கிடந்த ஊக்குகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஷெட்டில் வைத்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோனா பிள்ளைய கப்பல் செஞ்சுரும். இங்க கிடக்கட்டு அண்ணே" என்றாள்.

அடுத்த வெட்டு நாள் அவளுடைய லைட் நிற்கவில்லை. எல்லாரையும்போல ஓடியது. அரைமணி நேரம் முன்னதாக வேலை முடிந்தது. பால் குறையவில்லை. அதற்கடுத்த வெட்டு நாளும் அப்படியே. காவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எனக்கு அந்த ஓட்டம் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று என்மேலேயே சந்தேகம் வந்தது.

மூன்றாவது வெட்டுக்கு முந்தின சாயங்காலம் பையைப் பிரித்தேன். ஊக்கு பதினேழுதான் இருந்தது. சாட்சிக்கு என்று எடுத்த ஊக்கை நான் எங்கோ போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் மனைவியின் மாலையிலிருந்து ஒன்று கழற்றினேன். "ஆருக்கு?" என்று கேட்டாள். ஊக்கை மடியில் செருகிக்கொண்டு இறங்கினேன். அவளுக்குச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

தாள்களைப் பிளாஸ்டிக்கின் வெளியே குத்தாமல் மடிப்புக்கு உள்ளே குத்தினேன். காரில் வருகிறவர் கண்ணில் படாது.

விடியுமுன் அவள் வந்தாள். முதல் வரியில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், லைட் நின்றது.

"அண்ணே! முதலாளி அறிஞ்சா?"

"தாள் கண்டா கழற்றச் சொன்னாரு. நான் ஒண்ணும் காணல்ல."

லைட் தாளின் எண்ணில் விழுந்தது. பிறகு, "வரி மாத்திக் குத்தியிருக்கியளே அண்ணே. ஏழாம் பக்கம் ஒண்ணாவது வரியில நிக்கு."

"நீ எப்படியும் நேரே வாசிக்கப் போறதில்ல. வெட்டு மக்கா, வெட்டு."

ஷெட்டுக்குப் பின்னால் போய் இருட்டில் நின்றேன். லைட் நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. நின்றது. நின்ற இடங்களை எண்ணினேன்.

பதினெட்டு.