சுவரில் மாட்டிய ரத்தக்குழாய்

"இன்னும் கொழுப்பு இருக்கு" என்றார் பேராசிரியை, தோளுக்குப் பின்னாலிருந்து.

அவர் சொன்னது எலியின் ரத்தக்குழாயை. ஆனாலும் ஆய்வு மாணவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். சொந்தத் தொப்பையில் ஒரு சுற்றுக் குறைக்க வக்கில்லாதவனைத்தான் தலைமயிர் தடிமனுள்ள குழாயிலிருந்து கொழுப்பு எடுக்க உட்கார வைத்திருந்தார்கள்.

பேராசிரியை சுவரைக் காட்டினார். அவர் இதே ஆய்வகத்தில் மாணவியாக இருந்தபோது செய்த ஸ்லைடின் படம் அங்கே சட்டம் போட்டுத் தொங்கியது. "கிளை இல்லாம, சுருளாம, அது மாதிரி நேரா இருக்கணும். மூணு மணிக்குச் சாயம் ஏத்திக் கொண்டு வாங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து பாட்டில் கழுவப் போங்க."

ஐந்து மாதத்தில் நாற்பது குழாய்கள் கொடுத்திருந்தான். நாற்பதிலும் கிளை இருந்தது, நாற்பதும் திரும்பி வந்தன. இது கடைசித் துண்டு.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இடுக்கியால் கொழுப்பைக் கிள்ளினான். குழாய் சுருண்டது. நிமிர்த்த இழுத்தான், அறுந்தது. மிச்சம் இடுக்கியில் ஒட்டிக்கொள்ள, லேசாக உதறினான். லேசாக என்பது அவன் நினைப்பு. துண்டு பறந்துபோய்த் தரையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துத் துப்புரவு அக்காவின் மாப் அதன்மேல் போனது.

"அக்கா, அசையாதீங்க!"

"என்ன தம்பி, பாம்பா?"

"ரத்தக்குழாய்!"

மண்டியிட்டு மாப்பைத் துழாவினான். ஆயிரம் நூல்கள், எல்லாமே குழாய்கள் போலிருந்தன. மணி இரண்டே முக்கால். மனசாட்சியை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, மாப்பிலிருந்தே ஓர் இழையைப் பிய்த்துச் சாயத்தில் முக்கி, ஸ்லைடில் நீட்டி மூடினான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேராசிரியை நெடுநேரம் ஸ்லைடைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மேடம். தானா வந்துச்சு."

"ம். அச்சு அசல் என்னோடது மாதிரியே இருக்கு" என்று சொல்லி, ஸ்லைடை இழுப்பறையில் வைத்து அவசரமாகப் பூட்டினார்.

வேலை தப்பியது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே அக்காவிடம் போனான்.

"மன்னிச்சிருங்க அக்கா, உங்க மாப்பைப் பிச்சுட்டேன்."

"அட, விடுங்க தம்பி. நீங்க ஒரே ஒரு நூல்தான் பிச்சீங்க. சுவர்ல தொங்குதே, அதைப் பண்ண அன்னிக்கு மேடம் என் மாப்பையே மொட்டையடிச்சிட்டாங்க."