சம்பந்தி வேனில் எண்ணெய்க் கசிவு

ஆவடி,
14-5-1989, ஞாயிறு காலை

மரியாதைக்குரிய மச்சான் தங்கவேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் கஜபதியின் பணிவான வணக்கம். இங்கே புஷ்பாவும் மகள் தாட்சாயிணியும் சௌக்கியம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமென்று நம்புகிறேன். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் எஞ்சின்களோடு மல்லுக்கட்டும் உங்களை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை. இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுக்க உங்கள் டிப்போ டிரைவர் வீராசாமியை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

தாட்சாயிணியைத் தம் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பூந்தமல்லி சம்பந்தி உலகநாதன், நான் டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்ப்பதால் டாங்கியையே நான்தான் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே கேண்டீன் சூப்பர்வைசர் என்பதைத் தரகரும் சொல்லவில்லை, நானும் குறுக்கே விழுந்து சொல்லவில்லை. போன வாரம் தம் டீசல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "அடியில ஆயில் ஒழுவுது சம்பந்தி. டாங்கி பண்றவருக்கு இது இன்னா பெரிய வேலை? பாத்துடுங்க" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். தெரியாது என்றால், அப்போ ஃபேக்டரியில இன்னாதான் பண்றீங்க என்பார். வடை என்று எப்படிச் சொல்வது? மறைத்துப் பெண் கொடுக்கிறார்கள் என்று கல்யாணத்தையே நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அம்பத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜெயராமனிடம் போனேன். "எண்ணெய் நிக்கிற அடித்தட்டு இடுக்கை அடைக்கறதுக்கா? கார்க் பேக்கிங்கா, ரப்பரா, டியூப்ல வர பேஸ்ட்டா?" என்றார். எது நல்லது என்று கேட்டது என் தப்பு. "கார்க்கை ரொம்ப முறுக்கினா நசுங்கிப் பிதுங்கிடும், முறுக்கலன்னா ஒழுவும். பேஸ்ட்டு ஜாஸ்தியா பூசினா உள்ள பிதுங்கினது பிச்சிக்கினு போயி எண்ணெய் போற வழியையே அடைச்சிடும், எஞ்சின் காலி" என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மச்சான். எதை விட்டாலும் ஆபத்தென்று மூன்றையும் வாங்கிவந்தேன். எனக்குத் தெரிந்த அடைப்பெல்லாம் பிரியாணி அண்டா மூடியைச் சுற்றி மைதா மாவு பூசுவதுதான். அடித்தட்டைக் கழற்றி, அதே பக்குவத்தில் கார்க்கை வைத்து, மேலும் கீழும் முழு டியூபையும் பிதுக்கிப் பூசினேன். ரப்பரை மட்டும் இடமில்லாமல் விட்டுவிட்டேன். பிறகு போல்ட்டை முறுக்கினேன், பயத்தில் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். ஏதோ ஒன்று டக்கென்றது. என்னவென்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது சம்பந்தி குடும்பமே உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் முருகனுக்கு முதல் பத்திரிகை வைக்க அதே வேனில் திருத்தணிக்குக் கிளம்புகிறார்கள். வந்ததுமே சம்பந்தி, வேனுக்கு அடியில் நான் விரித்திருந்த பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு இல்ல! இன்னா கை சம்பந்தி உங்க கை!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் எவ்வளவு தூரம் ஓடினால் பிய்யும்? திருவள்ளூர் தாண்டுமா? பயணத்தை நிறுத்த யாருக்கு வயிற்றுவலி வரலாம், எனக்கா, புஷ்பாவுக்கா? உடனே பதில் சொல்லி அனுப்புங்கள்.

திருத்தணி முருகன் உங்கள் குடும்பத்தையும் அந்த எஞ்சினையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கஜபதி

பி.கு.: வேன் கிளம்பிவிட்டது. பேஸ்ட்டைப் பற்றி எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். "அப்பா, பாத்ரூம் பக்கெட்ல கருப்பா இன்னா கீது?" என்று தாட்சாயிணி இப்போதுதான் கேட்டாள். அடித்தட்டைக் கழற்றுவதற்கு முன் நான் வடித்த எஞ்சின் ஆயில். திருப்பி ஊற்றவே இல்லை மச்சான். ஒழுகுவதற்கு வேனுக்குள் ஒன்றுமே இல்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கல்யாணப் பெண் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் ரோட்டில் வேனைத் துரத்துகிறாள். "மாமா, நிறுத்துங்க! எங்கப்பாவுக்கு எஞ்சின் தெரியாது! கேண்டீன்ல கீறாரு!" என்று அவள் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. வேன் நின்றுவிட்டது. ரிவர்ஸில் வருகிறது.