வரவேற்பறையில் தொங்கும் அத்தான்

பெருமதிப்புக்கும் நிரந்தர இளமைக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு, ஸ்டுடியோக்கார மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, உங்கள் மனைவி ஆகிய மூவரும் அவரவர் வயதுக்குத் தகுந்த நலத்துடன் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். எந்த வயது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி, அதாவது என் அக்கா, பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நீங்கள் கண்ணாடி முன்னால் நிற்கும்போது பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாததை வைத்து ஒருவேளை தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஏன் வந்தாய் என்று கேட்டால், "அதை விடுடா" என்கிறாள். அவள் விட்டாலும் நான் விடுவதாக இல்லை. புடவைகளையெல்லாம் எடுத்து எங்கள் அலமாரியில் அடுக்கிவிட்டாள். இரண்டு நாள் கோபத்துக்கு யாரும் அப்படி அடுக்கமாட்டார்கள் அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது.

எல்லாம் அந்தப் படத்தில் ஆரம்பித்தது. போக்குவரத்துக் கம்பெனி மேலாளர் என்ற முறையில், அலுவலக வரவேற்பறையில் மாட்ட வருஷத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று என்னிடம் வருவீர்கள். உலகத்தில் மற்றவர்கள் புதுப் படம் எடுத்து அதில் டச்சப் செய்யச் சொல்வார்கள். நானும் மரியாதைக்குப் புதுப் படம் எடுப்பேன், நீங்களும் அதைப் பார்த்து, "லைட்டு சரியில்ல மச்சான்" என்பீர்கள், பிறகு போன வருஷம் டச்சப் செய்த படத்தையே எடுத்து அதன்மேல் இன்னொரு சுற்று டச்சப் போடச் சொல்வீர்கள். முதலில் கண்ணுக்குக் கீழே இருந்த பை போயிற்று, அப்புறம் நெற்றிக்கோடு, அப்புறம் தாடைக்கு அடியில் குடியிருந்த இன்னொரு தாடை, கடைசியில் துடைக்க எதுவும் மிச்சமில்லாமல் உரித்த முட்டைக்கு மீசை வைத்த மாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் சேர வந்த பையன் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்றுதான் யாரும் சொல்வார்கள். நீங்கள் மட்டும், "இப்பத்தான் மச்சான் என் ஜாடை வந்திருக்கு" என்றீர்கள்.

நீங்கள் வேண்டாம் என்று தள்ளிய அசல் படங்களெல்லாம் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் வரிசையாகப் பரப்பிப் பார்ப்பேன். நரையும் சுருக்கமும் எனக்கு உறுத்தவில்லை. பழைய படங்களில் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர், போகப்போக காமிராவையே வேலையைவிட்டு நிறுத்தப்போகிறவர் மாதிரி முறைக்கிறார். அதை டச்சப்பில் எடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

அந்த முறைப்பு கடைசியில் புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் தலையில் விடிந்தது. வேலைக்கு வந்த அன்றே அவருக்கு வரவேற்பறைப் படத்தைக் காட்டி, இவர்தான் மேலாளர், வந்தால் எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாவம், அவரும் நம்பிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து நீங்கள் காரை ரிப்பேருக்கு விட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்ந்தீர்கள். "பெரியவரே, மேனேஜர் இன்னும் வரலை. வெயில்ல நிக்காதீங்க, இப்படி உக்காருங்க" என்று நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். நீங்கள் அவரை உள்ளே இழுத்துப்போய்ப் படத்தைக் காட்டி, "இது யாருன்னு தெரியுதா?" என்று கத்தினீர்களாம். அவர் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்து, "தெரியுதுங்க. உங்க பையனா? லேசா உங்க ஜாடை இருக்கு" என்றாராம். மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது. காரணம், மரியாதைக் குறைவு. நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், நிஜமாகவே மரியாதைக் குறைவாக நடந்தவரைத் தூக்கில் போட்டிருப்பீர்கள் போலிருக்கிறது. வேறு இடத்தில் வேலைக்கு மனு போடப் படம் வேண்டும் என்று நேற்று என் கடைக்கு வந்தார். டச்சப் வேண்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, பாக்கிறவங்களுக்கு நான்தான்னு தெரியணுமில்ல" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கம்பெனி ஆண்டு விழாவில் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் குரூப் போட்டோவுக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தபோது, கம்பெனியைப் புதிதாக வாங்கியிருக்கும் முதலாளியின் மனைவி வந்து, "அந்த அக்காவையும் தம்பியையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வைங்க" என்று உங்களையும் என் அக்காவையும் கைகாட்டினார். கட்டின மனைவியை அக்கா என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு எப்படி அத்தான் நாக்கு எழுந்தது? விழாவுக்கென்று உங்களைப் போலத் தலைக்குச் சாயம் அடிக்காதது அவள் செய்த குற்றமா? படத்தைப் போட்டுப் பார்த்தபோது வயிறு எரிந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நீங்கள் பல் தெரியச் சிரித்திருப்பது அந்த ஒரு படத்தில்தான். டச்சப்பே தேவைப்படவில்லை.

ஆகவே நீங்கள் நேரில் வந்து, என் வீட்டு வாசலில் நாலு பேர் காதில் விழும்படி "இவ என் பொண்டாட்டி" என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு அழைத்துப்போக வேண்டியது. வரும்போது சொந்த முகத்தோடு வரவும். படத்தில் இருப்பவர் வந்தால், நன்கொடை கேட்டு வந்த கல்லூரி மாணவன் என்று என் மனைவி கதவைச் சாத்திவிடுவாள். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து, அந்த ஆயுள் முகத்திலும் கொஞ்சம் தெரியும்படி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முகம் பார்த்து வணங்க எந்த முகம் என்ற குழப்பத்தால் பாதம் தொட்டு வணங்கும்,

உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். ஆகவே நாக்கைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். "அவரு எங்கடா சொன்னாரு? நான்தான் சொன்னேன்" என்கிறாள். இவர் உங்களுக்கு யார் என்று முதலாளியின் மனைவி கேட்டாராம். "தண்ணி குடுத்த மனுஷனை வேலையை விட்டுத் துரத்தினவரை வீட்டுக்காரர்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தம்பின்னு சொல்லிட்டேன். அவருக்கு என்னடான்னா உச்சி குளிர்ந்துபோச்சு." அந்தச் சிரிப்பு அதற்குத்தானாம். அவளுக்குத் தம்பி என்றால் எனக்கு அண்ணன் என்பதால், உறைமேல் அத்தான் என்று எழுதியிருந்ததையும் திருத்தச் சொல்லிவிட்டாள். கூப்பிட நீங்கள் வர வேண்டாமாம். "அந்த வாட்ச்மேன் மறுபடி அந்த கேட்டுல நிக்கட்டும். இவரு நடந்து போகட்டும். அவரு 'பெரியவரே'ன்னு கூப்பிட்டு இவரு திரும்பிப் பாத்தாருன்னா சொல்லு, நான் பெட்டியை அடுக்கறேன்."