ஞானரட்ணத்தின் இடியன் துவக்கு

வேட்டைக்காரன் ஆவது என்று ஞானரட்ணம் எடுத்த முடிவு, டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் மனுசன் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

மனைவி அமலராணி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கோடை விருந்து. கூட்டிவரப் போனவரை அவளே இழுத்துக்கொண்டுபோய், ஹெனிங் என்ற ஒரு நெடுவல் டெனிஷ்காரருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுப் பரிமாறப் போய்விட்டாள். ஹெனிங்கின் மனைவி அந்த இல்லத்தில் இருக்கிறார். ஹெனிங் வேட்டைக்காரர். அவரிடம் இருப்பது குழல் வாய்க்குள்ளால் கருமருந்து கொட்டி, தக்கை வைத்து, கம்பியால் இடித்து, மேலே சன்னம் போட்டு வெடிவைக்கிற பழைய பாணித் துவக்கு. மன்னார்ப் பக்கம் இடியன் என்பார்கள். மன்னாரில் பிறந்த ஞானரட்ணத்துக்கு அந்தத் துவக்கைப் பற்றிக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஹெனிங் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வேட்டைச் சோதனை எழுதி, ஒரு தரம் கோட்டைவிட்டு, மற்றத் தரம் பாசானார். மிச்சம் இருந்தது ஒரேயொரு அனுமதி. பொலிஸ் தந்துவிடும். அமலராணி தரவேண்டும். அதற்காகப் பொய்கள் சிலதை வடிவாகத் தயார்பண்ணிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"இஞ்சாரும், டொக்டர் என்னை நடக்கச் சொன்னவரெல்லே."

"ஓம்."

"சும்மா கைவீசி நடக்கிறது அலுப்பு. கையில ஏதும் இருந்தா நல்லம்."

"குடையைக் கொண்டு போங்கோ."

"குடை இல்லையப்பா. துவக்கு."

அமலராணி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன துவக்கு?"

"இடியன்."

"வாங்குங்கோ."

ஞானரட்ணத்துக்குச் சப்பென்று போய்விட்டது. தயார்பண்ணின பொய்யெல்லாம் வீண்.

"ஆனா ஒண்டு," என்றாள். "உது என்ர குசினிக்க வந்தா என்ர சட்டம்தான்."

"ஓமோம்," என்றார். தான் வென்றுவிட்டதாக ஒரு நினைப்பு.

இந்த இடத்தில் அமலராணியின் வலது தோளைப் பற்றிச் சொல்லவேண்டும். வருசக்கணக்காக வயோதிபர்களைத் தூக்கி நிமிர்த்தித் தேய்ந்துபோன தோள். ஒப்பரேசன் செய்யவேண்டும், பிறகு கன கிழமைக்குக் கை கழுத்தில் கட்டின துணித்தொட்டிலில் கிடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாள் குறிக்கக் குறிக்க அவள் தள்ளிப்போட்டாள். வேலையிடத்தில் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம் ஹோர்சன்ஸ் தமிழ்ச் சனம் முழுக்கத் தெரிந்ததுதான். ஞானரட்ணத்துக்குத் தேத்தண்ணிக் கேத்தில் எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாது.

"நான் பாப்பன்தானே," என்பார் அவர். அவள் அவரைப் பார்ப்பாள், பிறகு கேத்திலைப் பார்ப்பாள், பிறகு பேச்சை மாற்றுவாள். இரவில் அவள் அந்தப் பக்கம் சரிந்து படுக்கமாட்டாமல் முனகும்போது அவர் எழும்பித் தலையணையைச் சரிப்பண்ணிவிடுவார். ஆனால் இந்த வயதில் சட்டி கழுவப் பழகுவதை எந்த முகத்தோடு தொடங்குவது?

ஒக்ரோபரில் வேட்டைக்காலம் திறந்தது. முதல் சனிக்கிழமை ஞானரட்ணம் சுட்டார். பெரிய புகை எழும்பியது. காட்டுக்கோழி அந்தப் புகைக்கு வெளியே, தன்பாட்டில் பறந்துபோனது. வீட்டுக்கு வந்து செற்றிக் கதிரையில் விழுந்தார்.

"துவக்கு கழுவேல்லையே?" என்றாள் அமலராணி.

"நாளைக்குப் பாப்பம்."

"ஹெனிங் என்ன சொன்னவர்?"

"அண்டைக்கண்டைக்கே கழுவவேணுமாம். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்துத் துருப்பிடிச்சுப் போகுமாம்."

"பிறகென்ன, எழும்புங்கோ. துவக்கெண்டாலும் தோசையெண்டாலும் சுட்டவர்தான் கழுவவேணும்."

எழும்பிப் போனால், கழுவுகிற தொட்டி நிறையச் சட்டி பானை.

"இதுக்க எங்க குழலை வைக்கிறது?"

"வைக்கேலாதுதான். இதுகளை முதல் எடுத்தா இடம் வரும். எனக்குத் தோள் எழும்புதில்லை."

ஞானரட்ணம் சட்டிகளைக் கழுவினார், துவக்குக்காக. பிறகு குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சவர்க்காரச் சுடுதண்ணி வாளிக்குள் விட்டு, கம்பி நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தார். தண்ணி மையாகக் கறுத்தது. கூழ்முட்டை நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. தெளிந்த தண்ணி வரும்வரை இழுத்து, கொதிதண்ணியால் அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசினார்.

"அடுப்புக்கல்லிலயும் கரி தெறிச்சிருக்கு," என்றாள். அதையும் துடைத்தார். நிலத்தையும் துடைத்தார்.

ஒவ்வொரு சனியும் இதே கதை. நவம்பரில் ஒரு காட்டுக்கோழி, விதி வந்து, அவர் சுட்ட பக்கம் பறந்தது. இறகு பிடுங்கியதும் வெட்டியதும் அவர்தான். அமலராணி கதிரையில் இருந்து வாயால் சமைத்தாள்.

"தூள் எவ்வளவு போடுறது?"

"நீங்கள் கருமருந்து அளக்கிறனீங்கள்தானே. அதுமாதிரித் தலைதட்டி ரெண்டு கரண்டி."

அந்தக் கறியை அவள் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். ஞானரட்ணம் அன்றைக்கு மன்னார் மாவட்டத்துக்கே ராசா.

தையில் ஆஸ்பத்திரிக்காரர் மீண்டும் நாள் கேட்டார்கள். அமலராணி உடனே ஓம் என்றுவிட்டாள். ஞானரட்ணத்துக்கு ஏன் என்று விளங்கவில்லை. விளங்கப்படுத்திக்கொள்ள நேரமும் இருக்கவில்லை. அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனபோது மனுசன் கதவடி வரைக்கும் கூடவே போனார். அவள் இல்லாத வீடு ஒன்றை ஒரு கணம் நினைத்துப் பார்த்து, நினைத்ததற்காகச் செபமாலையைக் கையில் எடுத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் சோறு வடித்தார். அவளுக்குக் குழைத்துத் தீத்தினார். தலைகூடப் பின்னிவிட்டார். பின்னல் கோணிக்கொண்டுதான் நின்றது, ஆனால் அவள் அவிழ்க்கவில்லை.

ஒரு பின்னேரம் ஹெனிங் பூங்கொத்தோடு பார்க்க வந்தார். ஞானரட்ணம் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அடிப்பிடித்த சோற்றுச் சட்டியைச் சுடுதண்ணியில் ஊறவைத்து, துணியால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். குழல் கழுவுகிற அதே கை.

ஹெனிங் வாசலில் நின்று பார்த்தார். பிறகு அமலராணியிடம் திரும்பி, "நீ சொன்னது சரிதான்," என்றார். "நான் இவருக்கு நல்ல புதுத் துவக்கு ஒன்றைக் காட்டத்தான் நினைத்திருந்தேன். நீதானே, அது வேண்டாம், எல்லாவற்றிலும் அதிகமாகக் கழுவவேண்டிய துவக்கு எது என்று கேட்டாய்."

ஞானரட்ணத்தின் கை சட்டிக்குள் நின்றது. கோடை விருந்து, பக்கத்தில் இருத்தின கதிரை, "வாங்குங்கோ" என்ற அந்த ஒற்றைச் சொல், எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

"அமலா," என்றார். "உதை வாயால கேட்டிருக்கலாமேயப்பா."

"கேட்டா நாளைக்குப் பாப்பம் எண்டிருப்பீங்கள்," என்றாள். நல்ல கையால் அவருடைய ஈரக் கையைப் பிடித்தாள். "நீங்கள் சட்டி கழுவுறதைக் கண்டபிறகுதான் எனக்கு ஒப்பரேசனுக்குத் தைரியம் வந்தது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபப்படவேண்டும் என்று நினைத்தார். முடியவில்லை. நல்ல மனுசி என்று நினைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெனிங்கைப் பார்த்தாள்.

"வாற மாரியில மற்றத் தோளும் செய்யவேணுமாம். உந்த இடியனில ரெட்டைக்குழல் இருக்கோ?"