வாத்துக்கு வரவேற்பு

வேலை நிரந்தரமாகாதவனிடம் மேலதிகாரி எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொண்டு "ஓம்" என்றுதான் சொல்லும். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் என் வாயும் அதைத்தான் செய்தது. மேலதிகாரி கெவின், சனிக்கிழமை வாத்து வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டார். நான் பரம்பரைச் சைவம். கேக்கில் முட்டை இருக்குமோ என்று மணந்து பார்க்கிற சாதி. ஆனால் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று அந்த மாத முடிவில் சொல்லப்போகிறவர் கெவின்தான்.

"துவக்கு மட்டும் தொடமாட்டேன்" என்று இழுத்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு மரக்குழலை எடுத்துத் தந்தார். வாத்து மாதிரிக் கத்தும் ஊதல். "சரி, நீ கூப்பிடு, நாங்கள் சுடுகிறோம். மூக்குக்கண்ணாடி துடைக்க 'ஹா' என்று ஊதுவாயே, அதேமாதிரி வயிற்றிலிருந்து ஊது. தங்கள் ஆள்தான் கூப்பிடுகிறது என்று நம்பி இறங்கும்."

அப்பாடா, கொலைப்பாவம் இல்லை என்று வீட்டுக்குப் போனேன். மனைவி சரோ குசினிக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"சுடுறவனுக்கு ஒரு பங்கு பாவம். நம்ப வைச்சுக் கூப்பிடுறவனுக்கு ரெண்டு பங்கு."

"இல்லையெண்டால் வேலை போயிடும், சரோ."

"அப்ப குளியலறைக்குள்ள போய் ஊதுங்கோ. எனக்குத் தலையிடிக்குது."

ஊதினேன். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு சளி பிடித்த ஆட்டின் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, யாருக்காவது டாக்டர் வேண்டுமா என்று கேட்டார். (வேண்டும்தான், என் மூளைக்கு.) வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவழியாக "குவாக்" வந்தது. சரோ முறையாகப் பாட்டுப் படித்தவள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஐயோ, சுருதி சேரேல்லை" என்று ஓடி வந்தவள், பாவத்தையும் மறந்து, தொடையில் தாளம் தட்டிச் சொல்லித் தந்தாள்.

சனி விடியப்புறம் கெவினோடும் அவருடைய இரண்டு கூட்டாளிகளோடும் ஒரு சதுப்பு நிலத்தில், இடுப்பளவு தண்ணீரில் நாணலுக்குள் ஒளிந்து நின்றேன். குளிரில் பல் கிடுகிடுத்தது. தூரத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று தெரிந்தது. கெவின் கண்ணைக் காட்டினார். தாளம் பிசகாமல் ஊதினேன். கூட்டம் மெய்யாகவே எங்கள் பக்கம் திரும்பியது! எனக்குப் புல்லரித்துவிட்டது. புல்லரித்ததில் வாயூறி, ஊறியதெல்லாம் குழலுக்குள் இறங்கி, ஊதல் அடைத்துப்போனது. ஊதுகிறேன், 'புஸ்' என்கிறது. வாத்துகள் தயங்கின. வேலை கையை விட்டுப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே நாணலை விலக்கி வெளியே வந்து, இரண்டு கையையும் ஆட்டி, அடித்தொண்டையால் கத்தினேன்.

"வாங்கோ! வாங்கோ! இங்கால வாங்கோ!"

வாத்துகள் போன வேகத்தை நான் அதற்குப் பிறகு விமானத்தில்கூடக் கண்டதில்லை. கூட்டாளிகள் என்னைப் பார்த்த பார்வையில் துவக்குகளைப் பற்றித்தான் எனக்கு யோசனை போனது. திரும்பி வரும்போது காரில் கெவின் ஒரேயொரு கேள்வி கேட்டார். "நீ கத்தினாயே, அதற்கு என்ன அர்த்தம்?"

"தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்று..."

அவர் சிரிக்கவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். சரோவுக்கோ ஒரு வாத்தும் சாகவில்லை என்ற சந்தோஷம். அன்று எங்களில் எதையாவது சுட்டவள் அவள்தான். வடை.

திங்கட்கிழமை கெவின் கூப்பிட்டனுப்பினார். அறை வாசலில் போய் நின்றேன். அவர் கதிரையிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, "வாங்கோ! வாங்கோ!" என்று கத்தினார். பின்னால் பிரிவு முழுவதும் வெடித்துச் சிரித்தது. வேலை நிரந்தரமாகிவிட்டது. ஓய்வு பெறும்வரை அங்கே என் பெயர் வாங்கோதான்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். மகளின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் கைகூப்பி நின்று, வந்த காரைப் பார்த்து "வாங்கோ, வாங்..." என்று தொடங்கினேன். சரோ பாய்ந்து வந்து என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயைத் திறக்காதேங்கோ! மாப்பிள்ளை வீட்டார் இன்னும் இறங்கேல்லை."