பிள்ளையார் வரை போகும் வண்டி

ஒரு தடவை நடுவழியில் நின்றாலும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவதாக மனைவி ஜெயலக்ஷ்மியிடம் வாக்குக் கொடுத்துத்தான், எட்டுப் பேர் உட்காரும் அந்தப் புது டீசல் வண்டியை ஸ்ரீநாத் வாங்கினார். அது தொண்ணூற்றாறாம் வருஷம். மயிலாப்பூர் தெருவில் அதைத் திருப்ப இரண்டு ஆட்டோக்கள் விலக வேண்டியிருந்தது. ஆனால் மேலே உட்கார்ந்தால் பஸ் டிரைவரை நேருக்கு நேர் பார்க்கலாம். அந்த உயரத்தை விட்டு இறங்க அவருக்கு மனமில்லை.

இரண்டாம் வாரமே எஞ்சின் ஓட்டத்தில் அணைந்தது. அணைந்ததும் பிரேக் கல்லாக இறுகியது. இருந்தும் வந்த வேகத்தில் வண்டி நூறடி உருளும். மயிலாப்பூரில் நூறடிக்குள் ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

"ஏன்னா, எதுக்கு நிறுத்தினேள்?"

"பிள்ளையாரைச் சேவிச்சுட்டுப் போயிடலாம்."

அவர் தோப்புக்கரணம் போட்டு முடிப்பதற்குள் எஞ்சின் ஆறி, மறுபடி கிளம்பும். மத்தியானங்களில் சாத்திய கதவைக் கும்பிட்டார்கள். அடையாறு பாலத்தின்மேல் பிள்ளையார் கிடையாது. அங்கே இறங்கிச் சூரிய நமஸ்காரம் செய்தார். பின்னால் பாலம் முழுக்க ஹாரன்.

"இவ்வளவு பக்தி எப்ப வந்தது உங்களுக்கு?"

"வயசாறதோல்லியோ."

நாலாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிக் கம்பெனியிலிருந்து நூர் முஹம்மது என்பவர் வந்தார். கையில் ஜெயலக்ஷ்மியின் எழுத்தில் மூன்று பக்கக் கடிதம்.

"பதினேழு தடவை எஞ்சின் நின்னிருக்குன்னு மேடம் எழுதியிருக்காங்க சார். தேதி, நேரம், கோயில் பேர் எல்லாம் இருக்கு."

"அதெல்லாம் சாமி கும்பிட நிறுத்தினது. வண்டியில ஒரு குறையும் இல்லே."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் கிளம்பறேன். குறை நிஜம்னு போட்டீங்கன்னா கம்பெனி வண்டியைத் திரும்ப எடுத்துக்கும்."

ஸ்ரீநாத் பேனாவைத் திறந்தார். ஜெயலக்ஷ்மி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"குறையில்லேன்னே போடுங்கோ. வெள்ளிக்கிழமை உங்கம்மாவை இதுலதான் திருப்பதிக்கு அழைச்சுண்டு போறோம். உங்க தங்கை குழந்தைகளும் வரா."

"மலை இறங்கணுமே, ஜெயா."

"ஆமாம். அங்கே வளைவுக்கு வளைவு பிள்ளையார் இருக்காரான்னு தெரியலே."

நூர் முஹம்மது காபியை ஆற்றினார். அவருக்கு அவசரமில்லை.

"பதினேழு இல்லே, பத்தொன்பது," என்றார் ஸ்ரீநாத், கடைசியில். "ரெண்டு தடவை இவ வண்டியில இல்லே."

கையெழுத்துப் போட்டுச் சாவியையும் கொடுத்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, நங்கநல்லூரில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை அழைத்துப்போக முடியாது, வருத்தப்படக் கூடாது என்று பக்குவமாகச் சொன்னார்.



"யாருடா திருப்பதி போறா?" என்றாள் அம்மா.